வெள்ளைத் தட்டில் ஒரு கை வண்டல்

பம்புக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. தண்ணீர் என்று ஒன்று இருந்தால் அது ஓட வேண்டும். ஓடுகிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்க வேண்டும். அடுக்குமாடிக் கட்டடங்களின் அடித்தளத்தில் இருபத்தாறு வருஷம் மோட்டார்களோடு குடித்தனம் நடத்திய மனுஷர் வேறு எப்படி இருப்பார்? அவரைப் போய், சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத சிவப்பு இறாலுக்குத் தொட்டிச் சாமான் வாங்கக் கடைக்குக் கூட்டிப் போனால் என்ன ஆகும்? அதுதான் ஆச்சு.

கூட்டிப் போனது அவர் மனைவி. கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவள். எள்ளில் பாதி இருக்கிற திருகாணியை இடுக்கியால் எடுத்து, போட வேண்டிய இடத்தில் போடுகிற கை அவளுக்கு. நாலு மாசம் முன்னால் வலது கண்ணில் புரைக்கு ஆபரேஷன் ஆனது. வேலை செய்யும்போது லென்ஸ் மாட்டுகிற கண் அது. "கண்ணு பளிச்சுன்னு இருக்கும்மா, போய் வேலையைப் பாருங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். இவளுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. முதல் நாள் உட்கார்ந்தபோது ஒரு ஸ்பிரிங் துள்ளிப் போய் எங்கேயோ விழுந்தது. அன்றைக்கு மூடிய சாமான் பெட்டிதான், இன்னும் மூடியே கிடக்கிறது. பம்புக்காரரின் சொந்தக் கடிகாரமும் அந்த வாரமே நின்றுபோனது. அதை அவர் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. நின்ற கடிகாரத்தையே கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார்.

"தொட்டியில வளர்க்கற சிவப்பு இறாலோட குட்டி பொறந்த புதுசுல எள்ளு அளவுதான் இருக்குமாம். உடம்பு கண்ணாடி மாதிரியாம்" என்றாள் அவள் ஒருநாள். "அதை இந்தக் கண்ணால, லென்ஸ் இல்லாம பார்த்துட்டேன்னா பெட்டியைத் திறக்கறேன். முடியலன்னா பெட்டியை யாருக்காவது குடுத்துடுங்க. தினம் அதைப் பார்த்துப் பார்த்து அழ என்னால ஆகாது."

அந்த வாரமே கடைக்குப் போனார்கள்.

அவள் எடுக்க வேண்டியதையெல்லாம் கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டாள். ஒன்றரை அடித் தொட்டி. சிவப்பு எடுப்பாகத் தெரியக் கறுப்பு மண். கட்டைமேல் கட்டிவைத்த பாசி. விளக்குக்கு மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது. மூன்று விளக்கின் அடியிலும் உள்ளங்கையை விரித்துப் பார்த்து, ரேகை தெளிவாகத் தெரிந்ததை வாங்கினாள்.

வடிகட்டி என்று வந்ததும் நம்ம ஆளுக்குக் கை பரபரத்தது. கடைக்காரம்மா ஒரு பஞ்சு உருளையை எடுத்து வைத்தார். "இது போதும் சார். காத்து மெல்லக் குமிழி விடும், தண்ணி பஞ்சு வழியா போய் வரும். குட்டிங்க மாட்டிக்காது."

"ஏம்மா, பாத்திரம் தேய்க்கறதை வடிகட்டின்னு விக்கிறீங்களே!" என்று சொல்லிவிட்டு, தொட்டியின் முதுகில் தொங்கவிடுகிற மோட்டார் பெட்டி ஒன்றைத் தூக்கினார். நாலடித் தொட்டிக்கு உள்ளது அது.

"இறாலை வளர்க்கப் போறீங்களா, துவைக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"குறைச்சு வெச்சுக்கலாம். நீ சும்மா இரு."

கடைக்காரம்மா பெருமூச்சு விட்டார். "அப்படின்னா உறிஞ்சற குழாய் வாயில இந்தப் பஞ்சு உறையை மறக்காம மாட்டிடுங்க."

மறக்கவில்லை அவர். வேண்டுமென்றேதான் மாட்டவில்லை. உறிஞ்சுகிற வாயை அடைத்தால் மோட்டாருக்கு மூச்சு முட்டும். அந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம் அது. உறை மேஜை டிராயருக்குள் போனது.

தொட்டி பழகட்டும் என்று மூன்று வாரம் வெறும் தண்ணீரும் செடியும். பிறகு பத்து இறால்கள் வந்தன. வந்த இரண்டாம் நாளே பம்புக்காரர் கத்தினார்: "ஐயோ, ஒண்ணு செத்துப்போச்சு!" கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் கூடு. மீசை நுனியிலிருந்து கால் நுனிவரை ஒன்று விடாமல் அப்படியே இருக்கிற கண்ணாடிச் சட்டை. கழற்றிப் போட்ட ஆசாமி பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தார். "அடேயப்பா, மீசைக்குக்கூட உறை போட்டிருக்கே" என்று அவர் வாயைப் பிளந்து நின்றதில் அன்று வேலைக்குத் தாமதம்.

அப்புறம் ஒருத்தி வயிற்றுக்கு அடியில் முட்டை கட்டினாள். மஞ்சள் மஞ்சளாக ஒரு கொத்து. அதைக் குட்டிக் கால்களால் விசிறிக்கொண்டே இருந்தாள். தின்னும்போதும் விசிறல், நடக்கும்போதும் விசிறல். "இவளுக்கு லீவே கிடையாதா?" என்று கேட்டார்.

நாலு வாரம் கழித்து ஒரு காலையில் முட்டைகளைக் காணோம்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் மனைவி. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. பாசியை, இலையின் அடியை, மண்ணின் ஒவ்வொரு பருக்கையையும் பார்த்தாள். ஐந்தாம் நாள் எழுந்துவிட்டாள்.

"குட்டிங்க இருக்கும்ங்க. என் கண்ணுக்குத்தான் தெரியல. பெட்டியைக் குடுத்துடுங்க."

அழாமல் சொன்னாள். அதுதான் அவரை என்னவோ செய்தது. தொட்டியையே பார்த்தார். பாசியிலிருந்து பிய்ந்த ஒரு துணுக்கு மெல்ல மிதந்து வந்தது. உறிஞ்சு குழாயின் பிளவுக்குப் பக்கத்தில் வந்ததும் சடக்கென்று உள்ளே போய்விட்டது.

அவர் கை சட்டென்று சுவருக்குப் போனது. பிளக்கைப் பிடுங்கினார்.

"உன் கண்ணுல தப்பே இல்லம்மா" என்றார். "நான்தான். அந்தப் பஞ்சு உறையை நான் மாட்டவே இல்ல. எல்லாத்தையும் என் மோட்டார் இழுத்துடுச்சு."

அவள் அவரைப் பார்த்தாள். "அத்தனையுமா?" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மோட்டார் பெட்டியைக் கழற்றிக் குழாயடிக்குக் கொண்டுபோனார். எதையும் கழுவுவதற்கு முன்னால் வண்டலை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். மணலா, துருவா, ரப்பர்த் தூளா என்று பார்த்தால்தான் மோட்டாருக்குள் எது தேய்கிறது என்று தெரியும். இன்றைக்குப் பார்க்க மனமே இல்லை. கை பழகின கை, அதுபாட்டுக்குக் கொட்டியது. பெட்டிக்குள் இருந்த பஞ்சைப் பிழியாமல் அலசியதில் ஒரு கை பழுப்பு வண்டல் தட்டில் பரவியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். சேறு, வெறும் சேறு. தட்டைச் சாய்க்கப் போனார்.

"இருங்க!"

பின்னால் வந்து நின்றிருந்தாள் அவள்.

"நகருது."

"எது?"

"கீழ வைங்க சொல்றேன். ஆட்டாதீங்க." தட்டின்மேல் குனிந்தாள். லென்ஸ் இல்லை, ஒன்றும் இல்லை. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். "கண்ணு ரெண்டு. கறுப்பா. மீசை இருக்குங்க! முதுகுல சிவப்பா ஒரு கோடு ஓடுது. அதோ இன்னொண்ணு, கால்ல என்னமோ வாரி வாரித் தின்னுது. ஐயோ, அங்க பாருங்க, அங்க!"

அவருக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. அவள் சுண்டுவிரலை வைத்துக் காட்டிய இடத்தில் வெகுநேரம் முறைத்த பிறகு, வண்டலில் ஒரு தூசு நின்றது, நடந்தது, திரும்பியது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மோட்டாருக்குள் சுழல்கிற இறக்கை வழியாக ஓர் இலை முழுசாக வெளியே வந்து அவர் பார்த்ததில்லை. இதுகள் எலும்பில்லாத, நிறமில்லாத, எள்ளு அளவு உடம்போடு அந்த இறக்கையைத் தாண்டிப் போய், உள்ளே இருந்த அழுக்கைத் தின்று கொழுத்துக்கொண்டிருக்கின்றன. இருபத்தாறு வருஷம் தண்ணீரைப் பற்றித் தெரியும் என்று நினைத்தேனே என்று சொல்லிக்கொண்டார்.

பதினேழு எண்ணினாள் அவள். எண்ணி முடித்துத் திரும்ப எண்ணினாள். பதினேழேதான்.

தொட்டியில் எப்படி விடுவது? ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்தார். தூண் மாதிரி விரலை வைத்துக்கொண்டு அவர் ஸ்பூனை நீட்டிய விதத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க தொடவே தொடாதீங்க சாமி. என் பெட்டியை எடுத்துட்டு வாங்க."

பூட்டில் தூசி படிந்திருந்தது. அவளே திறந்தாள். இதுவரை தொடாத புது பிரஷ் ஒன்றை எடுத்து, தண்ணீரில் நனைத்து, முதல் குட்டியை நுனியில் ஏந்தினாள். கை நடுங்கவில்லை. பதினேழையும் பாசிமேல் இறக்கிவிட்டாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"மூடி உள்ள வெச்சுடட்டுமா?" என்று பெட்டியைக் காட்டிக் கேட்டார்.

"எதுக்கு மூடணும்? முதல்ல போய் அந்தப் பஞ்சு உறையை மாட்டுங்க" என்றாள். கையை நீட்டினாள். "அப்படியே அந்தக் கடிகாரத்தையும் கழட்டிக் குடுங்க."