சுவரில் சௌடேஸ்வரி

மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு ஏணியில் ஏறிவிட்டார் என் வீட்டுக்காரர். பட்டப்பகலில், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், சர்க்கார் சுவரில்! கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஜீப் வருகிறதா என்று ரோட்டையே பார்த்தேன். எமர்ஜென்சி நேரம். டீக்கடையில் வாயைக் கொடுத்த கணக்கு வாத்தியாரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் திருப்பி அனுப்பவில்லை.

இந்த மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். மற்ற நேரத்தில் நாடகத்துக்குப் படுதா வரைவார், களிமண்ணில் தலை செய்வார், தறிக்காரர்களுக்குச் சேலைக்கரையில் பூப்போட்டுக் கொடுப்பார், போட்டோவுக்குக் கலர் தீட்டுவார். "ஒண்ணையாச்சும் உருப்படியாச் செய்யுங்களேன்" என்று வைதால், எல்லாம் ஒரே வேலைதான் என்பார். அதே தைரியத்தில்தான் சர்க்காரின் குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரச் சுவரையும் ஒப்புக்கொண்டார். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பக்கத்தில் சிவப்பு முக்கோணம். அந்த அம்மாவுக்கு எதிர்வீட்டுச் சௌடேஸ்வரியின் முகத்தை வைத்துவிட்டார். அவள் தெருவில் தறிக்குப் பாவு நூல் விரிக்கும்போது பார்த்துப் பார்த்து வரைந்து வைத்திருந்தாராம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? என்னிடமாவது சொன்னாரா?

சௌடேஸ்வரிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. காலையில் சுவரைப் பார்த்த மாமியார், இவள் கமுக்கமாக ஆப்பரேஷன் செய்துகொண்டு குடும்பத்தையே ஏமாற்றுகிறாள் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். மத்தியானம் சௌடேஸ்வரி எங்கள் வாசலில் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது.

"டிராயிங் சார், பொழுது சாயுறதுக்குள்ள அந்த மொகம் அங்க இருக்கக்கூடாதாம். இருந்தா நான் பொறந்த வீட்டுக்குப் போயிரணுமாம். எங்க வீட்டுக்காரவுக அவுக அம்மா முன்னால சத்தியம் பண்ணிட்டாக."

சாயங்காலம் சுவரைப் பார்க்க மதுரையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். தொட்டால் ஜெயில். தொடாவிட்டால் இவள் வாழ்க்கை போச்சு. சோற்றில் கை வைத்த என் வீட்டுக்காரர் அப்படியே எழுந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஏணியின் இன்னொரு முனையை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

நேற்றுப் பூசிய பெயிண்ட் சுலபமாக வந்துவிட்டது. சுவரில் முகமில்லாத அம்மா ஒருத்தி இரண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேடிக்கை பார்த்த கூட்டம் மெல்லக் கழன்றுகொண்டது.

"என்னங்க, இப்பிடியே விட்டா பிடிச்சிட்டுப் போயிருவாக. சட்டுனு வேற ஒரு மொகத்தப் போடுங்க!"

"ஒண்ணுமே வரமாட்டேங்குது கிளி. யாரையாச்சும் பாத்தாத்தான் வரும்."

ஏணியை விடாமல் ஒரு அடி முன்னால் வந்து நின்றேன்.

"அப்ப என் மூஞ்சியப் பாருங்க."

"நாலு பெத்தவ மூஞ்சியவா?"

"ஜெயிலுக்குப் போனா அந்த நாலுக்கும் யாரு கஞ்சி ஊத்துவா? வரையுங்க!"

தூரிகையை நனைத்துக்கொண்டு குனிந்து என்னைப் பார்த்தார். மதுரை ரோட்டில் ஜீப் ஹாரன் கேட்டது.

"சிரி கிளி."

அண்ணாந்து பார்த்தேன். ஹாரன் பக்கத்தில் வந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.

பல்லோடு பல் அடித்துக்கொள்ள, அவர் கேட்ட அளவுக்குச் சிரித்தேன்.