கை சுத்தம்

விடியற்காலை ஐந்து மணிக்கே அந்தக் கூடத்தில் ஆவி கிளம்பிவிடும். ஆளுயரக் கொப்பரையில் கடற்பாசிப் பொடியும் இறைச்சிச் சாறும் கொதிக்கும். படித்தவர்கள் அதை அகர் என்பார்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது கூழ். தட்டில் ஊற்றி ஆறவிட்டால் ஜெல்லியாக உறையும். ஆஸ்பத்திரியில் நோயாளியின் சளியை அதன்மேல் தடவி வைப்பார்கள். ஒளிந்திருக்கும் கிருமி இரண்டு மூன்று நாளில் முளைத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊற்றுவதற்கு ஒரு பதம் உண்டு. சூடு மிஞ்சினால் மூடி வேர்க்கும். குறைந்தால் கட்டி தட்டும். குடுவையைக் கன்னத்தோரம் வைத்துப் பார்த்து "இப்ப ஊத்துங்க" என்று சொல்ல ஒருத்தி இருந்தாள். அதனால் எல்லோருக்கும் அவள் பதமக்கா. வயதில் மூத்த கொப்பரைக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அன்று மூடிகள் வேர்த்தன. ஊற்றிய தட்டு ஒவ்வொன்றிலும் நீர் கோத்து நின்றது. பதினோரு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

"என்ன பதமக்கா, கொதிக்கிறதை ஆறிடுச்சுன்னு சொல்லிட்டே," என்றார் கொப்பரைக்காரர். "குடுவையை விட உன் கன்னம் சூடா இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே."

சொல்லிவிட்டு நெஞ்சுக்குள் எழுந்த இருமலை விழுங்கினாள். பத்து நாளாக விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். இங்கே இருமினால் சீட்டுக் கிழிந்துவிடும்.

அவளுடைய ஓரகத்திக்குக் கிழிந்தது. காற்றுக் குழாயின் நேர் கீழே உட்கார்ந்து ஊற்றிய பெண். ஒரு மாதம் இருமினாள், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவள் சளி தடவிய தட்டை டாக்டர் காட்டினார். சாம்பல் நிறத்தில் பூனை முடி போலப் பூஞ்சை அடர்ந்திருந்தது. நெஞ்சுக்குள்ளும் இதுதான் என்றார். தட்டின் அடியில் இவர்கள் கம்பெனி முத்திரை.

பத்து மணிக்கு முதலாளி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார்.

"மூணு ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பிட்டாங்க. பிரிக்காத தட்டுல பூஞ்சை. உங்க கை சுத்தமில்ல."

திருடனைச் சொல்கிற சொல் அது. கூடத்தில் வேலை செய்த ஒன்பது பேரும் நிமிர்ந்தார்கள்.

"முழங்கை வரைக்கும் தேய்ச்சுக் கழுவிட்டுத்தாங்க உள்ள வர்றோம்," என்றாள் பதமக்கா. "மேல குழாயைப் பாருங்க. வடிகட்டி மாத்தி ரெண்டு வருஷமாச்சு."

"குழாய்க்கு வாய் இல்ல, அதான் பழியை அதுமேல போடுறீங்க. திங்கக்கிழமையிலேர்ந்து நாலு பேருக்கு வேலை கிடையாது."

எந்த நாலு பேர் என்று சொல்லவில்லை. அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். மத்தியானம் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சாப்பாட்டு வேளையில் பதமக்காதான் வாயைத் திறந்தாள். "ஊருக்கெல்லாம் ஊத்துறோம். நமக்குன்னு ஒரு தடவை ஊத்துவோம். ஆளுக்கு ரெண்டு தட்டு. ஒண்ணுல கழுவின விரலைப் பதிச்சு மூடுங்க. இன்னொண்ணை அவங்கவங்க இடத்துல ஒரு மணி நேரம் திறந்து வைங்க."

லேபிள் ஒட்டுகிற பெண் தயங்கினாள். "என் விரல்லேர்ந்து ஏதாச்சும் முளைச்சிட்டா, அக்கா?"

"முளைச்சா அது என் தட்டுன்னு சொல்லிடு."

அவள் போய்க் கையை இரண்டு தடவை கழுவினாள். ஒரு மணி நேரம் கழித்துத் தட்டுகளை மூட வந்தபோது, ஓரகத்தியின் காலி இடத்திலும் ஒரு தட்டு திறந்திருந்தது. யார் வைத்தது என்று பதமக்கா கேட்கவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை முதலாளி முன்னால், தட்டுகளை வைத்திருந்த வெப்ப அலமாரியைத் திறந்தார்கள். விரல் பதித்த தட்டுகளில் பூஞ்சையே இல்லை. லேபிள்காரியுடையதில் மட்டும் இரண்டு வெள்ளைப் புள்ளி, அதுவும் பூஞ்சையில்லை. திறந்து வைத்த தட்டுகள் எல்லாம் சாம்பல் பூத்திருந்தன. ஓரகத்தி இடத்துத் தட்டில் முடி வளர்ந்து மூடியைத் தொட்டிருந்தது.

முதலாளி அதைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். "இதை யார் வேணா பண்ணலாம். கொப்பரையை ஏத்துங்க."

"ஒண்ணைப் போட்டுட்டீங்க. இன்னும் ஒம்பது இருக்கு," என்றார் கொப்பரைக்காரர். "வடிகட்டி மாத்தணும். ஆஸ்பத்திரியில கிடக்கிறவளுக்கு வைத்தியம் பார்க்கணும். யாரையும் நிறுத்தக் கூடாது. அதுவரைக்கும் ஏறாது."

"காத்துதான் கெட்டிருக்குன்னா உங்கள்ல யாருக்காவது இருமல் இருக்கணுமே?" முதலாளி வரிசையாகப் பார்த்தார். "யாருக்கு இருக்கு? சொல்லுங்க."

சொன்னால் வேலை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். பதமக்காவுக்கு வீட்டு அடுப்பு நினைவுக்கு வந்தது. பிறகு அந்த மூக்குக் குழாய் நினைவுக்கு வந்தது. பத்து நாள் விழுங்கியதை எல்லாம் சேர்த்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு இருமினாள்.

அவள் நிறுத்தியதும் கொப்பரைக்காரர் இருமினார். நடிப்பு என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அடுத்து லேபிள்காரி. அப்புறம் மூலையிலிருந்து இரண்டு பேர். இத்தனை நாளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளாளுக்கு ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள்.

முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவரையறியாமல் அவர் கண் மேலே குழாயைப் பார்த்தது.

லேபிள்காரி பதமக்காவின் கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "கொதிக்குதே அக்கா."

"தெரியும்," என்றாள் பதமக்கா. "இன்னிக்கு ஊத்த வேண்டாம்."

ஒன்பது பேரும் குழாயை விட்டுத் தள்ளி நாற்காலிகளை இழுத்துப் போட்டு, ஏற்றாத கொப்பரையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.