வரைந்தவர்

மாடிப்படி திறந்துகொண்டிருந்தது. வீட்டு பிளான் வரைந்து கொடுக்கும் பிளான்காரர் அந்த ஃபைலைச் சொடுக்கிவிட்டுப் போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்தார். திரையில் ஏழு படி வந்திருந்தது. முகம் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார், பதினொன்று. மொத்தம் பத்தொன்பது படி. மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நடந்தே ஏறிப் போயிருக்கலாம்" என்றாள் மனைவி, கட்டிலில் படுத்தபடி.

அவள் இரண்டு கால்களையும் சுவரில் சாய்த்துத் தூக்கி வைத்திருந்தாள். கெண்டைச் சதையில் நரம்பு நீலமாய்ச் சுருண்டு புடைத்திருந்தது. மாத்திரை அட்டைகளை டப்பாவில் அடுக்கும் பேக்கிங் கூடத்தில் அவளுக்கு வேலை. ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் கை வேகம் குறைகிறதென்று சூப்பர்வைசர் ஸ்டூல்களையெல்லாம் வெளியே போட்டுவிட்டாள். வீட்டிலேயே உட்கார்ந்து துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக் மிஷின் வாங்கிவிடுவதென்று மூன்று வருஷமாக அவள் சேர்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் பணம், அதை இவர் தொடுவதில்லை என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம்.

சட்டம் அந்த மாதம்தான் ஆட்டம் கண்டது.

அவருக்கு வரையும் வேலை கொடுக்கும் இன்ஜினீயர் தன் ஆபீஸ் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அன்று பேச ஆரம்பித்தார். வெளியே ஆள் இருந்தால் "டிராஃப்ட்ஸ்மேன்" என்று கூப்பிடுவார், கதவு சாத்தியிருந்தால் "மாப்ளே". இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆரம்பத்தில் ஒரே மேஜையில், ஒரே கம்ப்யூட்டரில் முறை வைத்து வரைந்தவர்கள். பிறகு ஒருவர் வாசலில் பெயர்ப்பலகை ஏறியது. இன்னொருவர் அந்தப் பலகையைப் பார்த்துத் தானாகவே "நீங்க"வுக்கு மாறிக்கொண்டார்.

"நூத்தி நாப்பது வீடு மாப்ளே. ரெண்டு வருஷ வேலை. பூராவும் உனக்குத்தான்."

"நிஜமாவா சொல்றீங்க?"

"உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா? ஆனா ஒண்ணு. அவங்க புது சாஃப்ட்வேர்லதான் கேக்கறாங்க. உன் பழைய பெட்டி அதுக்கு முன்னாடி படுத்துடும். முதல்ல அதை மாத்து. அப்புறம் உன் பிளாக் அத்தனையும் புதுசுக்கு மாத்திக் கொண்டா."

கதவு, ஜன்னல், படிக்கட்டு, கை கழுவும் தொட்டி என்று ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு, வேண்டிய பிளானில் எடுத்துப் பொருத்துவதற்குத்தான் அவர்கள் தொழிலில் பிளாக் என்று பெயர். பிளான்காரரிடம் இரண்டாயிரத்துச் சொச்சம் இருந்தது, பத்தொன்பது வருஷச் சேமிப்பு. ஒவ்வொன்றிலும் ஏதாவதொரு மூலையில் எறும்புத் தலையளவு ஒரு புள்ளி வைத்திருப்பார். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் வரைந்த காலத்தில், இது உன்னுது அது என்னுது என்று சண்டை வராமலிருக்க ஆரம்பித்த பழக்கம். இன்ஜினீயர் அப்போது பெருக்கல் குறி வைப்பார்.

"அந்தப் புள்ளியெல்லாம் எடுத்துடு மாப்ளே. புதுசுல அது எர்ரர் காட்டும். ஒவ்வொண்ணுக்கும் பேரும் தெளிவா வை. புதுசா வர்ற ஆளுக்கும் பார்த்ததும் புரியணும்."

"புதுசா யாரு வரப்போறாங்க?"

"உனக்குக் கீழ ரெண்டு பேர் போடலாம்னு இருக்கேன். எத்தனை நாளைக்குத் தனியா இழுப்பே?"

இன்ஜினீயர் ஒரு துண்டுச்சீட்டில் பிராசசர், மதர்போர்டு விவரங்களைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டோடு புருஷனும் மனைவியும் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். கடையை நடத்தியவள் ஒரு பெண். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு ஒரு போர்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன வேலைக்குண்ணே?"

"வீட்டு பிளான் வரையறேன்."

"வரைய மட்டுமா?"

"ஆமா."

"அப்ப இது எதுக்கு? பதினாறு கோர் போட்டிருக்கு. வரையறப்ப ஒரு கோர்தான் ஓடும், மீதி பதினஞ்சும் வேடிக்கை பார்க்கும். ஒத்தைக் கோர் வேகமா இருக்கற சின்ன பிராசசர் போதும். இந்தப் பெருசுக்குக் கரண்ட் தாங்கற போர்டு வேற வேணும், பெரிய ஃபேன் வேணும். உங்க பழைய ரேமும் இதுல உக்காராது."

"யானை வாங்கினா அங்குசமும் வாங்கித்தானே ஆகணும்" என்று பிளான்காரர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "நான் சொல்றதைக் கேளுங்க. நல்ல போர்டா எடுத்துக்கங்க, சின்ன பிராசசரைப் போட்டுக்கங்க. பின்னாடி தேவைப்பட்டா அதே போர்டுல பெருசை மாத்திக்கலாம். செலவுல பாதி மிச்சம். இந்தச் சீட்டு வரையற ஆளுக்கு எழுதினதே இல்லண்ணே. ஆயிரக்கணக்குல ஃபைலை மொத்தமாப் போட்டு ஒரே மூச்சுல மாத்தற ஆளுக்கு எழுதினது. அந்த வேலை ஒரு தடவை முடிஞ்சிட்டா இதுக்கு அப்புறம் என்ன வேலை?"

மனைவி கண்ணாடி மேஜையில் முழங்கையை ஊன்றி, உடம்பு பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றினாள். "விக்கிறவங்களே வேண்டாம்னு சொல்றாங்களே" என்றாள் மெதுவாக. "பாதி மிச்சமானா மிஷினுக்கு முன்பணமாவது கட்டலாம்."

"எழுதிக் கொடுத்தது யாரு? அவன் என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவன். எனக்குக் குழி வெட்டறதுக்கா எழுதுவான்?" பிளான்காரர் கடைக்காரி பக்கம் திரும்பினார். "சீட்டுல இருக்கறதையே குடும்மா."

மனைவி பையின் உள்ஜிப்பைத் திறந்தாள். "சரி, எடுத்துக்கங்க. இவ்வளவு நாள் நின்னவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் நிக்கவா தெரியாது?"

புதுப் பெட்டி பறந்தது. விரலை எடுப்பதற்குள் மாடிப்படி பத்தொன்பதும் வந்து நின்றது. அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, பல் தேய்க்க இனி வேறு நேரம் தேட வேண்டும். மனைவியைக் கூப்பிட்டு நாலு தடவை திறந்து மூடிக் காட்டினார்.

இரண்டாயிரத்துச் சொச்சம் பிளாக்கும் ஒரு மத்தியானத்துக்குள் புதுசுக்கு மாறிவிட்டன. நாள் பிடித்தது புள்ளிகள்தான். ஒவ்வொன்றையும் வேறு வேறு மூலையில் கையால் வைத்திருந்ததால் ஒவ்வொன்றாகத் திறந்து, பெரிதாக்கித் தேடி, அழித்து, பெயர் எழுதி மூட வேண்டியிருந்தது. "படிக்கட்டு, குறுகலான வீட்டுக்கு." "கதவு, வெளிப்பக்கம் திறப்பது." பச்சைப் பிள்ளைக்கும் புரியும்படி எழுதினார். பெற்ற பிள்ளையின் மச்சத்தைச் சுரண்டி எடுப்பதுபோல் முதல் நாள் கை கூசியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஆறு நாளில் முடித்தார்.

இன்ஜினீயர் பிளாக்குகள் ஏற்றிய டிரைவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தங்கம் மாப்ளே நீ" என்று கட்டிக்கொண்டார். இரண்டு வருஷ வேலை வந்துவிட்டதென்று நம்பி அந்த வாரமே மனைவி சூப்பர்வைசரிடம் முப்பதாம் தேதியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். நிற்பதிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். மறுநாளே அவள் பக்கத்தில் ஒரு புதுப் பெண்ணை நிறுத்திப் பழக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த வாரம் வேலை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. "அப்ரூவல்ல நிக்குது மாப்ளே" என்றார் இன்ஜினீயர். பிறகு "மீட்டிங்ல இருக்கேன்" என்றார். பிறகு போனை எடுப்பது அலுவலகப் பெண்ணாயிற்று. பிளான்காரர் தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு, மின்விசிறி சுற்றுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இருபத்தாறாம் தேதி, யாரோ ஒருவருடைய கார் ஷெட்டுக்குப் போட்ட சின்ன பிளானை எடுத்துக்கொண்டு பிரிண்ட் கடைக்குப் போனார். ஆள் உயரத்துக்குத் தாள் தள்ளும் பெரிய மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் உக்காருங்கண்ணே, இது முடியட்டும்" என்றான் கடைக்காரன். "பத்து நாளா இதே ரோதனைதான். நூத்தி நாப்பது வீடாம்."

அவர் உட்காரவில்லை. மிஷின் வாயிலிருந்து படிக்கட்டு இறங்கி வந்துகொண்டிருந்தது. திரும்புகிற இடத்தில் கட்டில் இடிக்காமல் ஏற வேண்டுமென்று அவர் ஒரு விரற்கடை கூட்டிப் போடுவது வழக்கம். இதிலும் கூடுதலாகவே இருந்தது. அடுத்த தாளில் அவர் கதவு. அதற்கடுத்ததில் அவர் ஜன்னல், அவர் வைத்த பெயரோடு. தாளின் கீழ்மூலைக் கட்டத்தில் வேலையின் பெயர் இருந்தது, சரிபார்த்தவர் என்ற இடத்தில் இன்ஜினீயர் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன. வரைந்தவர் என்ற இடத்தில் யாரென்றே தெரியாத இரண்டு எழுத்துகள்.

"இது யாரு அனுப்பறாங்க?"

"எங்கிருந்தோ மெயில்ல வருதுண்ணே. வெளி ஊரு ஆளுங்க. எடுத்து வெச்சா இன்ஜினீயர் ஆபீஸ்லேருந்து வந்து வாங்கிட்டுப் போவாங்க."

பிளான்காரர் கடைக்காரனின் போனை வாங்கி அடித்தார். இந்த நம்பரை இன்ஜினீயர் உடனே எடுத்தார்.

"நான்தான். பிரிண்ட் கடையில இருக்கேன்."

"மாப்ளே... கான்ட்ராக்ட் எடுத்தவங்க அவங்க ஆளுங்களை வெச்சுத்தான் வரைவோம்னுட்டாங்க. பிளாக் லைப்ரரி மட்டும்தான் நம்மகிட்ட கேட்டாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"அது... ஆரம்பத்துல."

"நான் மிஷின் வாங்கறதுக்கு முன்னாடியா?"

"மிஷின் என்ன வீணாவா போயிடும்? நல்ல மிஷின் மாப்ளே. பார்த்துப் பார்த்து நான்தானே எழுதிக் குடுத்தேன்."

பிளான்காரர் போனைத் திருப்பிக் கொடுத்தார். கூட இருந்தே குழி பறித்தவன்மேல் வந்த ஆத்திரத்தைவிட, ஆறு நாள் உட்கார்ந்து மண்ணை அள்ளிப் போட்ட தன் கைமேல் வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது. கடைக்காரி டார்ச் வெளிச்சத்தை முகத்தில் அடிக்காத குறையாகச் சொன்னாளே என்று நினைத்துக்கொண்டார்.

"அண்ணே, ஒரு உதவி" என்றான் கடைக்காரன். "மடிக்கிற பையன் வரலை. நான் மடிச்சா கோணிக்குது, ஆபீஸ்ல திட்டறாங்க. உங்க மடிப்பு மாதிரி வராது. உங்க கார் ஷெட்டுக்குக் காசு வேண்டாம்."

அவர் மேஜையில் குவிந்து கிடந்த தாள்களைப் பார்த்தபடி நின்றார். சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி. டீ இடைவேளை.

"என்னங்க, சூப்பர்வைசர் கேக்கறா. முப்பதாம் தேதிதானே, மாத்தமில்லையேன்னு. என் இடத்துக்கு அந்தப் பொண்ணை இன்னிக்கே எழுதிடுவாங்களாம். ஆமான்னு சொல்லிடட்டுமா?"

அவளுக்குப் பின்னால் டப்பாக்கள் சரியும் சத்தம் கேட்டது.

"சாயங்காலம் பேசலாம்."

"இப்பவே கேக்கறாங்க. ஏன், என்ன ஆச்சு? எங்க இருக்கீங்க?"

"பிரிண்ட் கடையில."

"வேலை வந்துடுச்சா?" அவள் குரல் ஏறியது. பதிலுக்குக்கூட அவள் காத்திருக்கவில்லை. "அப்ப நான் சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவர் திரும்ப அடித்தார். கூடத்துக்குள் போகும்போது போனை அணைத்து லாக்கரில் போட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. மூன்றாவது முறையும் அணைத்திருப்பதாகவே சொன்னது. பேருந்து பிடித்துப் போனாலும் வாசலில் காவலாளி விடமாட்டான்.

கடைக்காரன் அடுத்த தாளை மேஜையில் போட்டான். கை கழுவும் தொட்டி. அதன் இடது மூலையில் எறும்புத் தலையளவு ஒரு புள்ளி இருந்தது. ஒன்று தப்பியிருக்கிறது. பிளான்காரர் அதைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

"மிஷின் அழுக்குண்ணே. வேற எடுக்கட்டுமா?"

"அழுக்கில்ல" என்றார்.

தாளை நேராக இழுத்துப் போட்டார். பத்தொன்பது வருஷம் பழகிய கை தானாகவே அளவெடுத்தது. முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கே, ஓரத்தோடு ஓரம் ஒட்டி, நகத்தால் மடிப்பை அழுத்திவிட்டு அடுக்கினார். எப்படி மடித்தாலும் மூலைக் கட்டம் வெளியே தெரிய வேண்டும் என்பது தொழில் முறை. ஒன்றன்மேல் ஒன்றாகத் தாள்கள் ஏறின. ஒவ்வொன்றின் மேலும் வரைந்தவர் என்ற சொல்லும், அதன் பக்கத்தில் அந்த இரண்டு எழுத்தும் ஒரே நேர்க்கோட்டில் வந்து உட்கார்ந்தன.