எல்லாரும் வரணும்

கல்லூத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியர் சண்முகராஜா. இரண்டாம் ஆசிரியரும் அவர்தான், மணி அடிக்கிறவரும் அவர்தான், மழைக்கு ஒழுகுகிற இடத்தில் வாளி வைக்கிறவரும் அவர்தான். பெரகலச் சந்தியிலிருந்து மேலே ஏறிப் போகிற பாதையில், மூடுபனி வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமில்லாத ஒரு மேட்டில் அந்தத் தகரக் கொட்டகை நின்றது. அதன் முதுகில் ஒட்டினாற்போல ஓர் அறை. அதில் அவர் மூன்று வருடமாகத் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார்.

பதுளையில் அவருடைய அண்ணனுக்குத் துணிக்கடை. கல்லாவில் உட்கார வேண்டியவன் கரும்பலகைக்கு முன்னால் போய் நிற்கிறானே என்று வீட்டார் அவரைக் கைகழுவிவிட்டார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அவரைத் தன் ஆளாக எண்ணவில்லை. கூலிக்காரர் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு நாற்காலி எதற்கு? லயம் என்கிற கூலி வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களோ அவரை ரொம்ப உயரத்தில் தூக்கி வைத்துவிட்டார்கள். வந்த புதிதில் ஒரு சாயங்காலம் அவர் லயத்துப் பக்கம் நடந்து போனார். வாசலில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். ஆண்கள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் அந்த வரிசையைக் கடந்து போகும்வரை நின்றார்கள். பகலெல்லாம் தேயிலை மலையில் நின்றவர்களை நாமும் எதற்கு நிற்க வைப்பது என்று அவர் அதோடு அங்கே போவதை விட்டுவிட்டார். நல்ல மனதோடுதான் விட்டார். ஆனாலும் மனிதனுக்குப் பேச்சு வேண்டாமா? சில நாள் உலைத் தண்ணீரோடு பேசினார்.

காலை வேலை முடித்து, கையில் மண்ணோடு பிள்ளைகள் வந்து சேரும்போதுதான் அவருக்குப் பொழுது விடியும். முப்பது பிள்ளைகளுக்கு மேல் உண்டு. இவன் கெட்டிக்காரன், இவள் மக்கு என்று அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை விடமாட்டார், அடுத்த பிள்ளையிடம் தாவவும் மாட்டார். இராமையாவின் மகள் இராக்கம்மாவுக்கு எழுத்து பிடிபட ஒரு வருடம் ஆனது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். "சிரிக்கிறவங்க சிரிங்க, இவ வாசிச்சிட்டுத்தான் இன்னைக்கி வீட்டுக்குப் போவா" என்பார். இப்போது அவள் பாடப் புத்தகத்தில் எங்கே திறந்து கொடுத்தாலும் வாசித்தாள். அவளை வாசிக்க வைத்துக் கேட்பதில் அவருக்கு ஒரு ரகசியச் சந்தோஷம் இருந்தது. அதையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல யார் இருந்தார்கள்?

வருடத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் குதிரையில் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். அந்த நாளுக்கென்று தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முன்னிருந்த வாத்தியார் நன்றாக வாசிக்கிற பத்துப் பேரைப் பொறுக்கியெடுப்பார். கூலிக்காரரை மேய்க்கிற அழகர் கங்காணி முதல் நாள் சாயங்காலம் அந்தப் பத்து வீட்டு வாசலில் மட்டும் போய் நின்று, "நாளைக்கி ஒம் புள்ளைய எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டி அனுப்பு" என்று சொல்வார். கங்காணி வராத வீட்டுப் பிள்ளைகளை இன்ஸ்பெக்டர் கண்ணில் படாமல் பெற்றவர்களே மலைக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். வாத்தியார் மானம் போகக்கூடாது அல்லவா? யார் மீதும் யாருக்கும் கோபமில்லாமல் அது நடந்துவந்தது. சண்முகராஜா வந்த பிறகு பாதை சரிந்தும் காய்ச்சல் வந்தும் இன்ஸ்பெக்டரின் வரவு தள்ளிக்கொண்டே போயிற்று. இதுதான் அவருக்கு முதல் சோதனை. இந்த முறை பள்ளிக்கூடம் தேறாவிட்டால் கொட்டகையை உர மூட்டை அடுக்க எடுத்துக்கொள்வதாகத் தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார்.

கங்காணி இரண்டு நாள் முன்பே வந்து நின்றார்.

"பத்துப் பேரு யாரு யாருன்னு சொல்லுங்க. நான் போயி சொல்லிப்புடுறேன்."

"பத்துப் பேர் இல்ல கங்காணி. எல்லாருந்தான்."

"வெளையாடாதீங்க. மக்கெல்லாம் வந்து நின்னுச்சின்னா பள்ளிக்கூடம் போயிரும்."

"எங்கிட்ட மக்குன்னு யாரும் இல்ல."

சொல்லும்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தனிமையில் கிடக்கிற மனிதனுக்கு இப்படி ஒரு பெருமை எப்போதாவதுதான் வாய்க்கும்.

"அப்ப நான் லயத்துல என்னாத்த சொல்றது?" என்றார் கங்காணி.

"ஒண்ணும் சொல்ல வேணாம். பிள்ளைங்ககிட்ட நானே சொல்லிர்றேன்."

சோதனைக்கு முதல் நாள் அப்படியே சொன்னார். "நாளைக்கு எல்லாரும் வரணும், ஒருத்தர் விடாம" என்றார். பிள்ளைகள் கோரஸாக "சரிங்கய்யா" என்றன. அன்று மாலை அவர் கொட்டகையைக் கூட்டி, பலகையைக் கரி பூசிக் கறுப்பாக்கி, வேட்டியைத் துவைத்துப் போட்டார்.

மறுநாள் மணியடித்தார். கங்காணி மகன் ஒருவன் தலைநிறைய எண்ணெயோடு வந்து முன்னால் உட்கார்ந்தான். வேறு யாரும் வரவில்லை. பனியாக இருக்கிறது, வந்துவிடுவார்கள் என்று மறுபடி அடித்தார். மேட்டு விளிம்பில் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கீழே லயத்தில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. குதிரைக் குளம்புச் சத்தந்தான் ஏறி வந்தது.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்து மனிதர், கெட்டவர் இல்லை. உள்ளே வந்து, பிள்ளைகள் உட்காரும் காலி வாங்குகளைப் பார்த்தார்.

"பிள்ளையள் எங்கை மாஸ்டர்?"

"வருவாங்க. எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன். கொஞ்சம் பொறுத்துக்கணும்."

அவர் பொறுத்தார். கங்காணி மகனை வாசிக்கச் சொன்னார். அவன் கணீரென்று வாசித்தான். பிறகு வெளியே பார்த்தார். இருட்டுமுன் அப்புத்தளை போய்ச் சேர வேண்டும்.

"ஒரு பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் எண்டு நான் என்னெண்டு எழுதுறது?" என்று வருத்தமாகவே கேட்டுவிட்டுக் குதிரை ஏறினார். சண்முகராஜா குதிரைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தார். "இராக்கம்மான்னு ஒரு பிள்ளை இருக்கா, அவ வாசிக்கிறத மட்டும் கேட்டிருக்கலாம்" என்று சொல்லிப் பார்த்தார். குதிரை வளைவில் திரும்பிவிட்டது. திரும்பி வந்தவர் கங்காணி மகனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தன் நாற்காலியில் உட்காராமல் பிள்ளைகளின் வாங்கில் உட்கார்ந்தார். மூன்று வருடம் தன்னை நம்பியதாக நினைத்த அத்தனை பேரும் ஒரே நாளில் கைவிட்டுவிட்டார்கள் என்று தோன்றியது. அழுகை வந்தது. பார்க்க யாரும் இல்லாததால் அழுதார்.

வேலை விடுகிற நேரத்துக்கு இராமையா மகளைக் கூட்டிக்கொண்டு மேடேறி வந்தான். கையில் ஒரு கட்டு வல்லாரை. அவருடைய அறை வாசலுக்கு லயத்திலிருந்து வளர்ந்த ஆள் ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"நல்லபடியா முடிஞ்சிச்சுங்களா ஐயா?" முகமெல்லாம் சிரிப்பு. "எம் மகளால ஒங்களுக்கு ஒரு கெட்ட பேரும் வந்திரக்கூடாதுன்னு விடியறதுக்கு முன்னாலயே மலைக்கு இழுத்துட்டுப் போயிட்டேன்."

"நான் எல்லாரும் வரணும்னு சொன்னேனே."

"புள்ள சொல்லிச்சுங்க. நீங்க பெரிய மனசுக்காரரு, வாயால அப்புடித்தான் சொல்லுவீங்க. கங்காணி எங்க வீட்டுக்கு வரலைங்களே, நாமதான புரிஞ்சிக்கிடணும்."

அதற்குள் ரெங்கம்மா மகனோடு வந்துவிட்டாள், அவளுக்குப் பின்னால் இராசையா, அப்புறம் இன்னும் சிலர். எல்லார் கையிலும் ஏதாவது இருந்தது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துத் திகைத்தார்கள்.

"ஓம் மவனுமா போகல?" என்றாள் ரெங்கம்மா இராசையாவிடம். "நீ போயிருப்பன்னுல்ல நெனச்சேன்."

"எங்க வீட்டுக்கும் கங்காணி வரல. எம் புள்ள மக்குன்னு ஒங்கிட்ட வந்து எப்புடிச் சொல்றது?"

ஒவ்வொரு வீடாகச் சொல்லச் சொல்ல அவர்களுக்கும் விளங்கிவிட்டது. கைகள் மெல்லக் கீழே இறங்கின. இராக்கம்மா மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நா தேற மாட்டேன்னுதான் ஐயா கங்காணிகிட்ட சொல்லி அனுப்பலையா?"

அந்தக் கேள்வி அவரை உலுக்கிவிட்டது. பள்ளிக்கூடம் போனதுகூட இப்படி வலிக்கவில்லை. வாசல் கல்லில் அப்படியே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல தாயி. ஒன்னைய இன்ஸ்பெக்டர் கேக்கணும்னுதான் நான் காத்துக்கிட்டிருந்தேன்." பிறகு நிமிர்ந்து இராமையாவிடம் சொன்னார். "ஒன் மக எங்க திறந்து கொடுத்தாலும் வாசிப்பா. ரெங்கம்மா, ஒன் மவன் மனக்கணக்குல என்னையே முந்துவான். இராசையா, ஒன் பையன் எழுத்து என் எழுத்த விட அழகு." அத்தனை பிள்ளைகளைப் பற்றியும் சொன்னார். பெற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை அன்றுதான் பார்ப்பவர்கள் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ரெங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லாம் கேட்டு முடித்த பிறகு இராமையா கேட்டான்:

"இத ஒரு நா லயத்துக்கு வந்து எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேங்க?"

அவன் குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. மெய்யாகவே அறிந்துகொள்ளத்தான் கேட்டான். சண்முகராஜா வாசல் கல்லில் நகர்ந்து அவனுக்கு உட்கார இடம் விட்டார்.