மீசை மார்க் சுருட்டும் என் மேலுதடும்

1

நூற்றுப் பதினேழு ரூபாய் ஐம்பது சதம். சுருட்டு முதலாளி தில்லைநாதன் எனக்குத் தரவேண்டிய கூலிப் பாக்கி. இந்தக் கதை பிறந்தது அதால்தான். காசு வந்திருந்தால் எழுதுவேனா? நித்திரை கொண்டிருப்பேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "உரும்பிராயின் செம்மண் சிவந்து கிடந்த ஒரு மாலைப்பொழுதில்..." செம்மண் சிவக்காமல் வேறென்ன செய்யும்? வெட்டிவிட்டேன்.

(நான் ஏரம்பு. சுருட்டுக் கொட்டிலில் புகையிலைச் சிப்பம் சுமக்கிறவன். கலியாணத்துக்குப் பிறகுதான் எழுத்துப் படித்தேன். யார் படிப்பித்தது என்றால்... வேண்டாம், அது நீளும். முதுகு நோகிறது.)

2

எங்கள் 'மீசை மார்க்' சுருட்டுக் கட்டுகளில் ஒட்டுகிற படம் என் முகம். படம்பிடிக்க வந்தவர் முதலாளியைப் பார்த்தார், என் மீசையைப் பார்த்தார், கமெராவை என் பக்கம் திருப்பினார்.

சிங்கப்பூரில் எவனோ அதே படத்தை ஒட்டித் தன் சுருட்டை விற்கிறானாம். முதலாளி, சட்டம் பேசுகிற பிறக்கிராசி கனிசியஸிடம் ஓடினார். நானும் போனேன், முகம் என்னுடையதல்லவா.

"மார்க்கைக் கொழும்பிலை பதிஞ்சிருக்கிறன், ஐயா."

"அது இலங்கைக்கு. சிங்கப்பூருக்கு அங்கை பதியவேணும். மலாயாவுக்கு மலாயாவிலை."

"ஒரு மீசைக்கு எத்தினை தரம் காசு கட்டுறது?"

"எத்தினை நாட்டிலை விக்கிறீரோ அத்தினை தரம். குடுத்த படத்தைப் பிறகு மாத்தேலாது, கண்டீரோ."

படத்தை என்றுதான் அவர் சொன்னார். என்னையும் மாற்றக்கூடாது என்று முதலாளி விளங்கிக்கொண்டார். பதிவுக் கட்டணமாக என் கூலி கப்பலேறியது.

3

அன்றிலிருந்து வெயிலில் நிற்க விடமாட்டார். முகம் கறுத்தால் மலாயா ஏற்காதாம். பலாப்பழம் தின்றால் கன்னம் ஊதுமாம். சலூன்காரர் செபநாயகத்தையும் மிரட்டி வைத்திருந்தார். பாவம் அந்த மனுசன், என்னைக் கண்டால் கத்தரிக்கோலை ஒளிப்பார்.

(இந்த முதலாளிப் பாத்திரத்தில் எனக்கே சந்தேகம். இவ்வளவு மடத்தனம் ஒருவருக்கு உண்டா? கொஞ்சம் குறைத்து எழுதிப் பார்த்தேன். குறைத்தால் அவர் மாதிரி இல்லை.)

அப்போதுதான் மகள் பத்மாசினிக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. பிள்ளை பிழைத்தால் என் தலைமயிரும் மீசையும் தருவதாக மனைவி இரத்தினம்மா தொண்டைமானாற்றங்கரைச் சந்நிதி முருகனுக்கு நேர்ந்துவிட்டாள். பிள்ளை எழும்பிக் கஞ்சி கேட்டாள்.

முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மொட்டை அடி, ஏரம்பு. மீசையை விடு. சிங்கப்பூரிலையிருந்து மறுமொழி வரட்டும்."

"முருகன் மறுமொழி தந்திட்டார், முதலாளி" என்றாள் இரத்தினம்மா.

"உவன் வழிச்சால் பாக்கியிலை ஒரு சதமும் தரமாட்டன்!"

"அப்ப உங்கடை மீசையைத் தாங்கோ. கொண்டுபோய்க் குடுக்கிறம்."

முதலாளி தன் மேலுதட்டைத் தடவினார். அங்கே தடவ அதிகம் இல்லை.

"பிள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தால் சிங்கப்பூரே வந்து பாக்கும்?" இதைக் கேட்கும்போது அவள் சிரிக்கவில்லை.

4

முடிவு அ: வழித்துவிட்டுத் தென்னந்தும்பில் மீசை ஒட்டுகிறேன். சுருட்டுப் பற்றவைக்கும்போது அது எரிகிறது. நல்ல முடிவு. ஆனால் பொய்.

முடிவு ஆ: முதலாளி மனம் திருந்திக் கண்கலங்கி, "ஏரம்பு, நீயல்லோ என்ரை..." இதற்குமேல் எழுத வெட்கமாயிருக்கிறது.

5

சந்நிதி ஆற்றங்கரையில் வழித்தேன். மொட்டையோடு கொட்டிலுக்குப் போனேன்.

"ஆரப்பா நீ?" என்றார் முதலாளி.

"ஏரம்பு."

"என்ரை ஏரம்புவுக்கு மீசை இருக்கு. நான் காசு குடுக்கவேண்டியது அவனுக்கு. உன்னை ஆரெண்டே தெரியாது."

கொட்டில் முழுக்கச் சிரிப்பு. நான் சிப்பத்தில் குந்திக்கொண்டேன்.

"சரி, முதலாளி. அப்ப நான் புது ஆள். புது ஆளுக்கு முன்பணம் தாறதுதானே எங்கடை கொட்டில் வழக்கம்?"

முதலாளி வாயைத் திறந்தார்.

அதிலிருந்து என்ன வந்தது, சிங்கப்பூரிலிருந்து என்ன வந்தது, எல்லாவற்றையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பழைய பாக்கியை மட்டும் நான் தள்ளிவிட்டேன். அது மீசைக்காரனுடைய காசு. அவன் தொண்டைமானாற்றோடு போய்விட்டான்.