போன வருடக் கவுன்

மஞ்சள் கவுனின் முதுகுக் கொக்கியை மாட்டிவிட்டு சங்கவி சிரித்தாள். மகள் பானுவின் முதல் பிறந்தநாளுக்கு எடுத்தது. இன்று இரண்டாவது பிறந்தநாள். இன்னும் கச்சிதமாக இருந்தது. கட்சால் தீவில் இருந்துகொண்டு புதுத்துணிக்குப் போர்ட் பிளேயர் வரை யாரிடம் சொல்லி அனுப்புவது? அந்தக் கவலை மிச்சம்.

பிறகுதான் அவள் கை நின்றது. வளர்கிற பிள்ளைக்குப் போன வருடக் கவுன் எப்படிப் பொருந்தும்?

பானு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொக்கி சதையைக் கிள்ளியும் அழவில்லை. கொஞ்ச நாளாகவே அவள் அழுவதில்லை. ‘சமத்துப் புள்ள’ என்று ரப்பர் தோட்டத்து லயமே, வரிசை வீடுகள் மொத்தமும், மெச்சியது. சங்கவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்கு ஓடினாள்.

“அரே, எதுக்கு இப்படி மூச்சு வாங்க ஓடியாறே?” என்றாள் டீச்சர் வசந்தகுமாரி. போனில் எடைப் பதிவைத் திறந்து காட்டினாள். “பாரு, பத்து கிலோ இருநூறு. பச்சையில இருக்கா. பக்கா.”

“எப்பக்கா எடை போட்டீங்க?”

வசந்தகுமாரியின் கண் தராசு இல்லாத மூலைக்குப் போனது. தராசு பழுதாகி, சரிபார்க்கக் கப்பலேறிப் பதினோரு மாதம் ஆகிறது. அது திரும்பவில்லை. போனில் எடைக் கட்டத்தை வெறுமையாக விட்டால் மெமோ. சிவப்பு என்று போட்டால் விளக்கக் கடிதம். பச்சை போட்டால் ஒருவரும் கேட்பதில்லை. அதனால் மாதாமாதம் கண்ணால் பார்த்து, கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டே வந்தாள்.

அந்தப் பச்சையை நம்பித்தான் சங்கவி, பிள்ளைக்கு அங்கன்வாடி தந்த சத்துமாவை விடியலில் ரப்பர் பால் வெட்டப் போகும் கணவனுக்குக் கரைத்துக் கொடுத்தாள். பிள்ளைதான் நன்றாக இருக்கிறதே!

அங்கிருந்து நேராக ரப்பர் ஷெட்டுக்குப் போனாள். ஷீட் நிறுக்கும் உதயசூரியன் தராசில் சாக்கை விரித்தான்.

“என்னாக்கா, பொறந்தநாளுக்கு எடைக்கு எடை ரப்பர் குடுக்கப் போறீங்களா?”

முள் கொஞ்சம் ஏறி நின்றது. அவன் சிரிப்பும் நின்றது.

“ஏழு கிலோ நூறு... நேத்து அண்ணன் போட்ட ஷீட்டே இதுக்கு மேலக்கா.”

ஆஸ்பத்திரி டாக்டர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறினார். “இங்க வெச்சுப் பாக்க முடியாதும்மா. மூணு மணிக்குக் கப்பல் பொறப்படுது, அந்த ஜஹாஜ்ல போர்ட் பிளேயருக்கு அனுப்பணும். அடுத்தது ஒம்பது நாள் கழிச்சுத்தான். அதுவரைக்கும் தாங்காது. அங்கன்வாடியில பச்சைன்னு இருக்கே, சரியான வெயிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அங்க சேக்கும்போது கேப்பாங்க.”

மணி இரண்டு. சங்கவி மறுபடி அங்கன்வாடிக்கு வந்து ஷெட்டு எடையைச் சொன்னதும் வசந்தகுமாரி போனைக் கீழே வைத்தாள்.

“இப்ப ஏழுன்னு எழுதுனா, பதினோரு மாசமும் பொய்னு ஆயிடும் சங்கவி. என் வேலை போயிடும். நானும் ரெண்டு புள்ளைய வெச்சிருக்கேன்.”

சங்கவி கத்தவில்லை. பானுவை அவள் கையில் கொடுத்தாள்.

“தூக்குங்கக்கா. பத்து கிலோவா இருக்கா?”

இத்தனை மாதமாக எடை எழுதிய பிள்ளையை வசந்தகுமாரி ஒரு நாளும் தூக்கிப் பார்த்ததில்லை. கையில் கனமே இல்லை. அம்மா கையை விட்டுப் போன பிள்ளை அழவுமில்லை.

உட்கார்ந்து ஒரு தாளில் ஏழு புள்ளி ஒன்று என்று எழுதினாள். சிவப்பு என்று போட்டாள். கீழே கையெழுத்து.

துறையில் கப்பல் சங்கு ஊதியது. வழியனுப்ப வந்த லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வீறிட்டு அழுதன. பானு மட்டும் அழவில்லை. அவளை மார்போடு அணைத்துக்கொண்டு சங்கவி ஏணியில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

கீழே நின்ற தாய்மார்களிடம் வசந்தகுமாரி சொன்னாள்: “ரப்பர் ஷீட்டுல நூறு கிராம் கொறஞ்சா நாம சண்டைக்கு நிக்கிறோம். புள்ளைக்கு மட்டும் கண்ணளவு போதும்னு நான் விட்டுட்டேன், நீங்களும் கேக்கல. பயந்துகிட்டுப் பொய்யா பச்சை போடுறது, புள்ள வாயில இருக்குற சோத்தப் புடுங்குறதுதான். நாளைக்கு எல்லாப் புள்ளையையும் ஷெட்டுக்குக் கொண்டாங்க. நான் எழுதுறத நம்பாதீங்க. முள்ளப் பாருங்க.”

ஒவ்வொருத்தியாகக் குனிந்து, தன் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள்.