நாலாவது ட்ராக்

ராஜாராமன் வீட்டுப் பின்னறையில் ஒரே பாட்டை மூன்று முறை வாசிப்பதுதான் காந்திமதியின் வேலை. முதல் முறை வாசித்தது ஒரு ட்ராக்கில் பதிவாகும். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இரண்டாம் முறை வாசிப்பாள். அது அடுத்த ட்ராக்கில் ஏறும். பிறகு மூன்றாம் முறை. கேட்கிறவர்களுக்கு மூன்று வயலின்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கும். நாலாவது ட்ராக்கைப் பாடகிக்காகக் காலியாக விட்டுவிடுவார் ராஜாராமன்.

அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஊழியர். சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் கொண்டு வந்த டேப் மெஷினை வைத்துக்கொண்டு, சிட்லபாக்கத்து வீட்டின் பின்னறையையே ஸ்டுடியோ ஆக்கியிருந்தார். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். அப்படியும் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் கிளம்பினால் கையைத் தூக்குவார். வில்லைக் கீழே இறக்கிவிட்டு, சத்தம் அடங்கும் வரை காந்திமதி காத்திருப்பாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. ஆடி பிறப்பதற்குள் ஓர் அம்மன் கேசட் வெளியாக வேண்டும். மெட்டெல்லாம் ராஜாராமனே போட்டது. காந்திமதி அன்றைக்கு மத்தியானம்தான் அந்த நொட்டேஷனை முதல்முதலாகப் பார்த்தாள். மூன்று பாட்டுக்கு வாசித்து முடிக்கும்போது மணி மூன்றரை.

"பாடகி வெள்ளிக்கிழமை வராங்க மேடம். நாலாவதுல இரைச்சல் ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடறேன்" என்று ராஜாராமன் டேப்பைத் திருப்பி ஓடவிட்டார்.

காலியாக இருக்க வேண்டிய ட்ராக்கில் வயலின் கேட்டது.

"பக்கத்து ட்ராக்லேர்ந்து உங்களுதுதான் ஒழுகியிருக்கும் போல" என்றார் அவர். ஆனால் மைக் வயரைப் பிடித்துக்கொண்டு மெஷினின் பின்பக்கம் போனவர், அங்கேயே குனிந்தபடி நின்றுவிட்டார். நாலாவது துளையில் வயரே செருகப்படவில்லை.

காந்திமதி ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். அது அவள் வாசித்த மெட்டுதான். ஆனால் அவள் வாசித்ததல்ல. ஒவ்வொரு அடியின் முடிவிலும், வில்லை எடுப்பதற்கு முன் அந்த வயலின் ஒரு முறை மெல்ல அழுத்தியது. வாசல் வரை போனவர் எதையோ நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பது போல. அந்தப் பழக்கம் அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களில் ஒன்பது வருஷம் அவளோடு ஒரே நொட்டேஷன் ஸ்டாண்டைப் பார்த்து வாசித்த சரசு.

சரசு செத்துப்போகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. திருநீர்மலையில் அக்கா வீட்டில் கிடக்கிறாள்.

இரண்டாம் பாட்டின் நடுவில், வயலினுக்குப் பின்னால் எங்கேயோ தூரத்தில் குக்கர் விசில் அடித்தது. பிறகு ஒரு பெண் குரல்: "சரசூ, மாத்திரை போட்டுகினியா?"

காந்திமதி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். ராஜாராமன் அதை எடுத்துக் காதில் வைத்து, டேப்பைத் திருப்பி அதே இடத்தைக் கேட்டார்.

"இந்த வீட்ல சரசுன்னு யாரும் இல்லையே" என்றார் ராஜாராமன். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

"அழிச்சிடுங்க சார்."

"யார் மேடம் அது?"

"எனக்குத் தெரியாது. இப்பவே அழிச்சிடுங்க."

அழிப்பது பெரிய காரியம் இல்லை. எதையும் செருகாமல் நாலாவது ட்ராக்கில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தி டேப்பை ஓடவிட வேண்டும். பழையது போய் வெறும் மௌனம் பதிவாகும். முதல் பாட்டை அப்படி ஓடவிட்டார். எதுவும் உள்ளே போகாதபோது, ஒலி அளவைக் காட்டும் மீட்டரின் முள் அசையக்கூடாது. ஆனால் அது அசைந்தது. கீழிருந்து மேலே எழும்பி, தயங்கி, விழுந்து, மறுபடி எழும்பியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து நிமிஷப் பாட்டு. கடைசி அரை நிமிஷத்தில் முள் படுத்துவிட்டது. அப்போது மணி சரியாக நாலு.

"மிச்சம் ரெண்டையும் நாளைக்குக் காலைல அழிச்சிடறேன்" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார் ராஜாராமன். "இன்னிக்கு என்னால முடியாது."

அன்றிரவு காந்திமதி சரியாகத் தூங்கவில்லை. பல்லாவரத்தில் இருக்கும் அவளுக்குத் திருநீர்மலை ஒரு பஸ் தூரம்தான். ஆஸ்பத்திரியில் சரசு நினைவில்லாமல் கிடந்தபோது ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்ததோடு சரி. அதற்குப் பிறகு போகவே இல்லை. காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சரசு விழுந்த அன்று ரெக்கார்டிங் இடைவேளையில், "விரல் மரத்துப் போவுதுடி காந்தி, நான் வூட்டுக்குப் போறேன்" என்றாள். "இந்த ஒரு டேக் முடிச்சிட்டுப் போயிடலாம்க்கா, சும்மா வாசி" என்று சொன்னது காந்திமதி. அந்தப் பதிவின் நடுவில்தான் சரசுவின் கையிலிருந்து வயலின் நழுவி விழுந்தது.

விடிந்ததும் குளித்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

சரசுவின் அக்கா கங்கம்மாதான் கதவைத் திறந்தாள். "இன்னாம்மா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். கோபம் கூட இல்லை அந்தக் குரலில். வேறு ஏதோ கவலை இருந்தது. "உள்ள வா. அதுகிட்ட பாத்துப் பேசு. நேத்துலேர்ந்து ஒரு மாதிரியா கீது."

ஜன்னலோரக் கட்டிலில் சரசு சாய்ந்திருந்தாள். ஜன்னல் வழியே மலைக்கோயில் படிகள் தெரிந்தன. முடி நரைத்துப் போயிருந்தது. மடியில் கிடந்த இடது கை யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் போலக் கிடந்தது. காந்திமதியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாடி. நேத்து ஏன் அவ்ளோ அவசரப்பட்ட? ரெண்டாவது பாட்டுல சரணத்துக்கு முன்னாடி உன் வில்லு ஓடுது. நான் இழுத்துப் பிடிச்சும் நிக்கல."

காந்திமதி கட்டிலருகே போனாள். "எந்தப் பாட்டுக்கா?"

சரசு முனகிக் காட்டினாள். ராஜாராமன் போட்ட மெட்டு, ஒரு ஸ்வரம் பிசகாமல். வலது கை போர்வையின் மேல் வில் போல மெல்ல ஓடியது. பிறகு மூன்றாவது பாட்டையும் முனகினாள்.

"மத்தியானத்துல கண்ண மூடிப் படுத்தா எங்கியாவது வாசிக்கிற சத்தம் கேக்கும். நானும் கூடச் சேந்துக்குவேன். வேற இன்னா வேல எனக்கு? நேத்து கேட்டது நீதான்னு உடனே தெரிஞ்சிடுச்சு."

"முதல் பாட்டுக்கா? அது ஞாபகம் இருக்கா?"

சரசு யோசித்தாள். நெற்றி சுருங்கியது. "மொத பாட்டா? ரெண்டுதான வாசிச்சோம்."

காப்பி எடுத்து வரப் போன கங்கம்மாவின் பின்னாலேயே அடுப்படிக்குப் போனாள் காந்திமதி. "நேத்து என்ன ஆச்சுக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

"மத்தியானம் மாத்திரை போட்டியான்னு கேட்டேன், நல்லாத்தான் பதில் சொல்லிச்சு. நாலு மணிக்கு டீ குட்த்தேன். சொவுத்துல மாட்டிகிற போட்டோவக் காட்டி, யாரு இந்த ஆளுன்னு கேக்குது. யாரா? கட்டிகின புருசன்மா! பதினாறு வருசம் குடும்பம் பண்ணவரு, செத்தும் ஏழு வருசமாச்சு. கண்ணாலமே ஆவலன்றா. மத்த எல்லாம் கரெக்டா சொல்றா. அந்த மனுசன் மட்டும் மொத்தமா காணும்."

காந்திமதிக்கு, நேற்று அதே நாலு மணி வரை மீட்டரின் முள் எழும்பி எழும்பி விழுந்தது கண் முன்னால் வந்தது. அடுத்த நொடி, ராஜாராமன் காலையில் மிச்சத்தை அழிக்கிறேன் என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. செருப்பைக் கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். முக்குக் கடையில் ஒரு ரூபாய் டெலிபோன் இருந்தது. நம்பரைச் சுழற்றினாள். ராஜாராமனின் மனைவி ஞானாம்பாள் எடுத்தாள்.

"அவரா? பின்னறைல டேப்போட உக்காந்திருக்கார். கதவைச் சாத்திண்டா கூப்பிடக் கூடாதும்பாரே."

"மாமி, கதவை இடிங்க! மெஷினை நிறுத்தச் சொல்லுங்க. ஒரு உயிர் விஷயம் மாமி!"

ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தமும், கதவைத் தட்டும் சத்தமும், ஏதோ பேச்சும் கேட்டன. ராஜாராமன் வந்தார். மூச்சு வாங்கியது.

"இப்பத்தான் மேடம் ரெண்டாவது பாட்டை ஆரம்பிச்சேன். ஒரு நிமிஷம் கூட ஓடியிருக்காது. நிறுத்திட்டேன். என்ன விஷயம்?"

"தொடாதீங்க சார். அந்த டேப்பை இனிமே தொடவே தொடாதீங்க. நான் எல்லாத்தையும் புது டேப்ல மறுபடி வாசிச்சுத் தரேன்."

அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் நேற்று அந்த முள்ளைப் பார்த்தவர். "சரி மேடம்" என்று மட்டும் சொன்னார்.

வெயிலில் வெறுங்காலோடு நடந்து திரும்பினாள். ஒரு நிமிஷம் கூட இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே நடந்தாள். ஒரு நிமிஷத்தில் என்ன பெரிதாகப் போய்விடும்? ஏதோ ஒரு பண்டிகை, பார்த்த ஒரு சினிமா, ஒரு தெருவின் பெயர். இன்றைக்கே சரசுவின் காலைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள்.

உள்ளே நுழைந்ததும் சரசு நிமிர்ந்து பார்த்தாள். மரியாதையாகப் புன்னகைத்தாள். போர்வையைச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்க, உக்காருங்க. அக்காவப் பாக்க வந்தீங்களா? அடுப்படியில கீறாங்க."

காந்திமதி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"உங்க பேரு?" என்றாள் சரசு.

புதன், வியாழன் இரண்டு நாளும் சிட்லபாக்கத்தில் உட்கார்ந்து மூன்று பாட்டையும் புது டேப்பில் திரும்ப வாசித்தாள் காந்திமதி. இந்த முறை நாலாவது ட்ராக் காலியாகவே இருந்தது. ராஜாராமன் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பாடகி வந்து பாடிவிட்டுப் போனாள். ஆடி முதல் வாரம் பல்லாவரம் சந்தையில் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டுகள் அலறின. பழைய டேப்பை ராஜாராமன் துணியில் சுற்றிக் கொடுத்தார். காந்தம், ஈரம், வெயில் எதுவும் படக் கூடாது என்று நாலு தடவை சொன்னார். அவரிடம் அவள் எதையும் விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்த டேப்பையும் அழிப்பதில்லை என்று ஞானாம்பாள் குறைப்பட்டுக்கொண்டாள். வீடு முழுக்க டேப்பாக இருக்கிறதாம்.

வாரா வாரம் திருநீர்மலைக்குப் போக ஆரம்பித்தாள் காந்திமதி. கங்கம்மாவுக்குத் தெரிந்தவள், வயலின் வாசிப்பவள் என்பதோடு சரசு அவளை ஏற்றுக்கொண்டாள். வயலின் வாசிப்பவள் என்றதும் சரசுவுக்கு ஏக சந்தோஷம். பேச ஒரு ஆள் கிடைத்தாளே!

புரட்டாசியில் ஒரு நாள், சனிக்கிழமைக் கூட்டம் மலைப்படியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சரசு சொன்னாள்: "எனக்குக் கை விழுந்த அன்னிக்கு ரெக்கார்டிங்ல இருந்தேங்க. விரல் மரத்துப் போவுது, வூட்டுக்குப் போறேன்னேன். பக்கத்துல ஒருத்தி. எவ்ளோ யோசிச்சாலும் மூஞ்சி வர மாட்டேங்குது. இந்த ஒரு டேக் முடிச்சிட்டுப் போன்னா."

காந்திமதி ஜன்னலிலிருந்து பார்வையைத் திருப்பினாள். "அது நான்தான்க்கா" என்றாள்.

சரசு திரும்பி அவளை நன்றாகப் பார்த்தாள். கண், மூக்கு, நெற்றி என்று ஒவ்வொன்றாக, தொலைந்ததைத் தேடுவது போல நேரம் எடுத்துப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிச் சிரித்தாள்.

"நீங்க இல்லீங்க. அவ அதுக்கப்புறம் என்னைப் பாக்க வரவே இல்லியே."

வலது கையை நீட்டி, ஆறுதல் சொல்வது போல காந்திமதியின் கையைத் தட்டிக் கொடுத்தாள்.